இங்கே பொருத்திய காரா, ஜப்பானில் இருந்து வந்த காரா? இலங்கையில் கார்த் தொழில் என்று ஒன்று இருக்கிறதா?

கொட்டாஞ்சேனைக்காரர் | சனி, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். பதின்மூன்று வருஷம் ஓடிய எங்கள் காரைப் போன மாதம் விற்றுவிட்டோம். விற்ற காசும் சேமிப்புமாக முப்பத்தைந்து லட்சம் கையில் இருக்கிறது, மீதிக்கு லீசிங். எப்படிப் பார்த்தாலும் எழுபத்தைந்து லட்சத்துக்கு மேல் போக முடியாது. வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எண்பத்தொரு வயது அப்பா. அப்பாவைக் கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஓட்டோவில் ஏறி இறங்க அவருடைய இடுப்பு இடம் கொடுப்பதில்லை.

இரண்டு வாகனம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஜப்பானில் ஓடிவிட்டு வரும் 660 சீசீ கார், இரண்டு வருஷப் பழசு. மற்றது இங்கேயே பொருத்திய சின்னக் கார், புத்தம் புதிது, நிறுவன உத்தரவாதத்தோடு. மனைவி ஜப்பான் கார்தான் வேண்டும் என்கிறார், விற்கப் போனால் விலை விழாது என்பது அவருடைய கணக்கு. அப்பா இங்கே பூட்டிய காரை எடு என்கிறார். "நம்முடைய பிள்ளைகளுக்கு வேலை கொடுத்த சாமான்" என்பது அவருடைய நியாயம்.

எனக்கு இரண்டு கேள்வி. எதை எடுப்பது என்பது ஒன்று. மற்றது, உண்மையாகவே இந்த நாட்டில் கார்த் தொழில் என்று சொல்லக்கூடியது ஏதாவது இருக்கிறதா? அல்லது பெட்டியில் வந்ததைப் பிரித்துச் சக்கரம் பூட்டித் தருவதோடு சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பஞ்சிகாவத்தை நானா | சனி, காலை 8.25

தம்பி, விலையைக் கேட்க முன்னால் சாமான் கிடைக்குமா என்று கேளுங்கள். பஞ்சிகாவத்தையில் இருபத்திரண்டு வருஷமாக உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். காரை ஒரு தடவைதான் வாங்குவீர்கள், உதிரிப்பாகத்தைப் பத்து வருஷம் வாங்குவீர்கள்.

ஒரு வழி சொல்கிறேன். முன் பம்பர், ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, முன் ஷொக் அப்சோபர், பிரேக் பேட் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வாருங்கள். கார் வாங்கப் போவதாகச் சொல்ல வேண்டாம், சாமான் தேவை என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று கடையில் கேளுங்கள். இரண்டு கடையிலாவது அந்த நேரத்திலேயே எடுத்துக் காட்டினால் அந்தக் காரை நம்பி வாங்கலாம். மூன்று பேரும் "ஏஜென்டிடம் போங்கள்" என்றால் யோசியுங்கள்.

வேகன் ஆர், ஆல்டோ, விட்ஸ், அக்வா, இவற்றுக்கு மதிப்பு விழாமல் இருக்க முதல் காரணம் எங்கள் தெருதான். ஜப்பானில் கழித்த வண்டிகளில் கழற்றிய சாமான் இங்கே மலை மாதிரி கிடக்கிறது.

வத்தளை ஹைபிரிட் | சனி, காலை 9.02

நானா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் மொரட்டுவை சிலோன் ஜேர்மன் டெக்கில் படித்துவிட்டு வத்தளையில் ஹைபிரிட் கார், அதாவது எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள கார், திருத்தும் வேலை செய்கிறேன். ஜப்பான் கார் என்றால், அங்கே ஏலத்தில் வண்டியைப் பரிசோதித்து எழுதும் ஏலத் தாளைக் கேளுங்கள் அண்ணா. 4, 4.5 என்று தரம் போட்டிருக்கும். ஆர் என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்திய வண்டி. தாளின் பிரதியை நம்பிவிடாமல், செசி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓடிய கிலோமீற்றரைக் குறைத்துக் காட்டுவது இன்னும் நடக்கிறது.

இன்னொன்று. 660 சீசீ வேகன் ஆரின் பின்னால் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் அதை அக்வா மாதிரி நினைக்கிறார்கள். அது முழு ஹைபிரிட் இல்லை. சின்ன லித்தியம் பற்றரி எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் பயமும் குறைவு, பற்றரி மாற்ற வந்தால் செலவும் குறைவு. அக்வா எடுத்தால் பின் சீட்டுப் பக்கம் பற்றரிக்குக் காற்றுப் போகும் வாயைத் துப்பரவாக வைத்திருங்கள். எங்கள் கராஜுக்கு வரும் அக்வாக்களில் அதில் தூசு அடைத்த வண்டிகள் நிறைய.

தெஹிவளை டீச்சர் | சனி, காலை 10.15

வயதானவரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குள் மட்டும் ஓடுவதாக இருந்தால் மின்சாரக் காரையும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள் தம்பி. எங்கள் வீட்டுக் கூரையில் சூரியத் தகடு இருக்கிறது. பள்ளிக்கூடம், கடை, கோயில், மகளின் டியூஷன் எல்லாம் அதிலேயே ஓடுகிறது. 2022 இல் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு பெற்றோல் வரிசையில் இரவு முழுக்கக் காரிலேயே தூங்கிய ஆட்கள் நாங்கள். அன்றைக்கே முடிவெடுத்தேன், இனிமேல் பெற்றோல் ஷெட்டை நம்பிப் பிள்ளைகளை வளர்க்க மாட்டேன் என்று.

பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார்களைப் பற்றிச் சொல்லும் குறை எனக்கும் தெரியும். அவற்றின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, சூடான நாட்டில் வேகமாகத் தேய்ந்தது. இப்போது வரும் பீவைடி அட்டோ 3, டொல்பின் போன்றவற்றில் இருப்பது லித்தியம் இரும்புப் பொஸ்பேட் பற்றரி, அதற்குக் குளிரூட்டலும் உண்டு. வெப்பத்தைத் தாங்கும். புதிய மொடல் என்று பேசினால் இப்போது உலகமே அந்தப் பக்கம்தான் போகிறது.

கொட்டாஞ்சேனைக்காரர் | சனி, காலை 10.31

நன்றி டீச்சர். நாங்கள் இருப்பது தொடர்மாடியில், மூன்றாவது மாடி. சார்ஜ் போட இடம் இல்லை. இல்லாவிட்டால் அதையும் பார்த்திருப்பேன்.

துறைமுக வீதி | சனி, நண்பகல் 12.50

நான் வார்ஃப் கிளார்க். வாகனம் இறக்கும் வேலையில் பதினெட்டு வருஷம். விலை ஏன் இப்படி என்று தெரிந்தால்தான் மற்றதைப் பேசலாம், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. அதுவும் எப்படி? அப்போது போட்டது சுங்க வரி 20 வீதம், அந்த வரிக்கு மேல் 50 வீத மேலதிக வரி. பிறகு உற்பத்தி வரி. பெற்றோல் கார் என்றால் அது சீசீ கணக்கில், மின்சாரக் கார் என்றால் கிலோவாட் கணக்கில். குறித்த பெறுமதியைத் தாண்டினால் ஆடம்பர வரி. சுங்க வரியும் உற்பத்தி வரியும் கூட்டி வந்த தொகைக்கு மேல் 18 வீதம் வற், அதாவது பெறுமதி சேர் வரி. வரிக்கு மேல் வரி போடும்போது யோகோஹாமாவில் கப்பலில் ஏறிய விலை இங்கே இறங்கும்போது அடையாளமே தெரியாது.

எந்த மொடல் கொழும்பு வீதியில் ஓடுவது என்பதைத் தீர்மானிப்பது கார்க் கம்பனி இல்லை, வரியை அறிவிக்கும் வர்த்தமானி. 1000 சீசீக்குள் என்றால் வரி குறைவு என்று ஒரு கோடு கிழித்தார்கள். உடனே 1000க்குள் டர்போ எஞ்சின் உள்ள கார் எங்கே இருக்கிறது என்று தேடி இறக்கினோம். ஹொண்டா சிவிக்கின் ஒரு லீற்றர் எஞ்சின் இங்கே இத்தனை ஓடுவது அதனால்தான். இன்றைக்கு டொயோட்டா ரைஸை எல்லாரும் கேட்பதற்கும் அதே கோடுதான் காரணம். மின்சாரக் காரில் கிலோவாட் கோடு வந்ததும் 2025 இல் அட்டோ 3 இன் மோட்டார் வலு 100 கிலோவாட்டா 150 ஆ என்று சுங்கம் கேள்வி எழுப்பி, விஷயம் நீதிமன்றம் வரை போனது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. என் கருத்து, தேசியக் கார் என்ற கனவை விட்டுவிட வேண்டும். இரண்டு கோடி இருபது லட்சம் சனம். அதில் புதுக் கார் வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். பணக்கார நாடு, ஹோல்டன் என்று சொந்தப் பெயர், எழுபது வருஷ அனுபவம். 2016 இல் ஃபோர்ட் மூடியது, 2017 ஒக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் மூடின. சந்தை சின்னது, செலவு கூட. அவர்களாலேயே முடியாததை நாம் எப்படிச் செய்வது? இங்கே பொருத்தும் காருக்கு வரியில் கொடுக்கும் சலுகை அரசாங்கத்தின் கையை விட்டுப் போகும் காசு. அந்தக் காசில் நல்ல பஸ் விடலாம்.

கழற்றிப் பூட்டியவன் | சனி, பின்னேரம் 4.10

துறைமுக அண்ணா, நான் அப்படிப் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருஷம் வேலை செய்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது.

பொருத்துவதில் இரண்டு வகை. முழுதாகக் கழற்றிக் கொண்டுவருவது ஒன்று. தகடு தகடாகப் பெட்டியில் வரும். அதை ஒட்டி, வண்ணத் தொட்டியில் முக்கி, சுட்டு, பிறகு உள்ளே எல்லாம் பூட்ட வேண்டும். மற்றது பாதி கழற்றியது. வண்ணம் பூசிய உடல் அப்படியே வரும், எஞ்சினும் கியர்ப் பெட்டியும் முழுதாக வரும், நாங்கள் சேர்ப்போம். இங்கே நடப்பதில் கூடுதலானது இந்த இரண்டாவதற்குக் கிட்ட. உடலை ஒட்டவும் வண்ணம் பூசவும் போடும் முதல் பெரியது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் கார் போனால்தான் அந்த முதல் திரும்பும். அதனால் "சக்கரம் பூட்டித் தருகிறார்கள்" என்று சொல்பவர்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை.

ஆனால் சலுகை சும்மா கிடைக்கவில்லை. காரின் பெறுமதியில் குறைந்தது 20 வீதம் இங்கே சேர வேண்டும் என்று ஒழுங்கு போட்டார்கள். அந்த 20ஐ எட்டத்தான் உள்ளூர் ரயர், உள்ளூர் பற்றரி, ஆசன உறை, வயர்க் கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். முதலில் எங்களுக்கு வந்த ஆசன உறையை நாலு தடவை திருப்பி அனுப்பினோம், தையல் கோணல். ஐந்தாவது தடவை வந்தது வெளிநாட்டு மாதிரியை விட நன்றாக இருந்தது. கொழும்புக்கு வெளியே ஒரு சின்ன இடத்தில், முன்பு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பன்னிரண்டு பெண்கள் தைத்தது. ஐந்து தடவை தைக்க அவகாசம் இருந்ததால்தான் அவர்கள் படித்தார்கள்.

நானும் அப்படித்தான் படித்தேன். ஒவ்வொரு நட்டையும் எத்தனை நியூட்டன் மீற்றரில் இறுக்கினோம் என்று பதியும் திருகி எங்கள் கையில் இருந்தது. தப்பாக இறுக்கினால் அடுத்த இடத்துக்கு வண்டி நகராது. கடைசியில் தண்ணீர்ச் சோதனை. கூடாரத்துக்குள் காரை விட்டு நாலு பக்கமும் மழை மாதிரி அடிப்பார்கள். பின் கதவு ரப்பரைப் பூட்டும் வேலை மூன்று வருஷம் என்னுடையது. ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் என் இலக்கத்தைக் கூப்பிடுவார்கள்.

இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பகல், இரவு என்று இரண்டு ஷிஃப்ட் வேலை. பெப்ரவரியில் கதவு திறந்தது. மே மாதம் எங்கள் பகுதியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், நானும் ஒருவன். நிர்வாகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடர் இல்லாமல் அவர்கள் என்ன செய்வது. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை: நாடு இறக்குமதியை மூடினால் தொழில் பிறக்கிறது, திறந்தால் செத்துப்போகிறது. அது அந்தத் தொழிலின் குறை இல்லை. பத்து வருஷத்துக்கு வரி என்ன என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதைத் தொடாமல் இருந்தார்களா ஒரு தடவையாவது?

கொட்டாஞ்சேனைக்காரர் | சனி, இரவு 8.05

தம்பி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் சொல்வதை எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எழுபதுகளில் நான் கோட்டையில் கிளறிக்கல் வேலை. அப்பவே தொழிலதிபர் உபாலி விஜேவர்தன இங்கே ஃபியட்டும் மஸ்தாவும் பூட்டி விற்றவர். உபாலி ஃபியட் என்றால் ஒரு மதிப்பு. எங்களுடைய ஒஃபீஸ் பெரியவர் ஒன்று வைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமையில் கோல்பேஸில் நிறுத்தித் துடைப்பார். 1983 பெப்ரவரியில் அந்த மனிதர் வந்த விமானம் காணாமல் போனது. அந்தப் பேச்சும் அதோடு போனது.

"அந்த வருஷம் ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குப் போனோம். அங்கே என்னிடம் ஒரு ஒஸ்டின் ஏ ஃபோர்ட்டி இருந்தது. தொண்ணூறுக்குப் பிறகு போர்க்காலத் தடையால் பெற்றோல் வராது, மண்ணெண்ணெய்தான். சின்னப் போத்தலில் மருந்து மாதிரிப் பெற்றோல் வைத்திருப்போம். கார்புரேட்டருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஊர் முழுக்கப் புகை. பிள்ளைப்பேற்றுக்கு ஆட்களை ஏற்றிப்போன கார் அது. புஷ் தேய்ந்தால் லேத் பட்டறையில் கடைந்து எடுத்தோம். கஸ்கெட்டுக்கு மட்டையை வெட்டினோம். கொழும்பில் இருந்து ஒரு நட்டும் வரவில்லை. எங்களுக்குச் செய்யத் தெரியாது என்று ஒருவரும் சொல்ல வேண்டாம்."

இவ்வளவுதான் சொன்னார். பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

தெஹிவளை டீச்சர் | சனி, இரவு 8.20

ஐயாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நானும் சுன்னாகம்தான். அந்தப் புகையின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

துறைமுக வீதி | ஞாயிறு, காலை 6.45

ஐயா சொன்னதை மதிக்கிறேன். தம்பியின் வேலை போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கஷ்டத்தில் கற்ற திறமை வேறு, தொழில் வேறு. திறமை ஒரு காரை முப்பது வருஷம் ஓட வைக்கும். தொழில் என்றால் ஒரே மாதிரியான காரை ஆயிரக்கணக்கில் செய்து, வெளியூரில் செய்ததை விடக் குறைவாக விற்க வேண்டும். அதற்கு அளவு வேண்டும், அது நம்மிடம் இல்லை.

குளியாப்பிட்டியை நினைத்துப் பாருங்கள். அங்கே வொக்ஸ்வாகன் கார்த் தொழிற்சாலை வருகிறது என்று நாடே பேசியது. 2017 ஜனவரியில் அடிக்கல் நட்டார்கள். அந்த ஜேர்மன் கம்பனி தனக்கு அதில் பங்கில்லை என்றது. கட்டி முடித்து வேறு பெயரில் திறந்தது 2024 இல். அடிக்கலுக்கும் திறப்புக்கும் நடுவில் ஏழு வருஷம். இடையில் எத்தனை அரசாங்கம், எத்தனை வரவு செலவுத் திட்டம்!

கழற்றிப் பூட்டியவன் | ஞாயிறு, காலை 9.30

அண்ணா, அவுஸ்திரேலியாவைச் சொன்னீர்கள். நான் மலேசியாவைச் சொல்கிறேன். 1983 இல் புரோட்டோன் என்ற சொந்தக் கார்க் கம்பனியைத் தொடங்கினார்கள், 1985 இல் அதன் முதல் கார் சாகா. உள்ளே இருந்தது மிட்சுபிஷிதான், அதை அவர்கள் மறைக்கவில்லை. 1993 இல் பெரோடுவா என்ற இரண்டாவது கம்பனி, அதற்கு ஜப்பானின் டைஹட்சு துணை. புரோட்டோன் பிறகு தள்ளாடியது உண்மை. 2017 இல் 49.9 வீதப் பங்கைச் சீனாவின் ஜீலி வாங்கியது. ஆனால் முப்பது வருஷத்தில் உதிரிப்பாகம் செய்யும் கம்பனிகள் அங்கே வளர்ந்துவிட்டன, அவை யார் பெயரில் கார் வந்தாலும் வாழும். இந்தியாவும் அதைத்தான் செய்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளியே வந்தபோது அதுவும் ஜப்பான் பெட்டியில் வந்த சாமான்தான். வருஷத்துக்கு வருஷம் உள்ளூர்ச் சாமானைக் கூட்டு என்று அரசாங்கம் பின்னால் நின்றது.

நம்மிடமும் ஒருவர் முயன்றார். லோரன்ஸ் பெரேரா 1995 இல் மைக்ரோ என்ற கார்க் கம்பனியைத் தொடங்கி, மைக்ரோ பிரிவிலேஜ் என்று சொந்தமாக ஒரு சின்னக் காரைச் செய்து வீதிக்கு விட்டார். பிறகு அதே ஜீலியின் பாண்டாவை மைக்ரோ பாண்டா என்றும், சங்யோங் ஜீப்களையும் பொருத்தினார். எங்கள் தெருவில் பாண்டா வாங்கிய பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் புதுக் கார். அப்படி ஒரு கம்பனி இருக்கும்போது வரி இத்தனை தடவை மாறியிருக்கக் கூடாது. ஒரே ஜீலிதான் அங்கேயும் இங்கேயும். அங்கே மாறாத கொள்கை இருந்தது.

வெள்ளவத்தை மாணவன் | ஞாயிறு, காலை 11.10

நான் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் மூன்றாம் வருஷம். இரண்டு அண்ணாமாருக்கும் நடுவில் ஒரு விஷயம் சொல்லலாமா. கோட்ஜென் நிறுவனம் 2013 இல் வேகா என்று மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தொடங்கியது. இங்கே உள்ள பொறியியலாளர்களே உடல், மோட்டார் கட்டுப்பாடு, பற்றரிப் பெட்டி எல்லாவற்றிலும் வேலை செய்தார்கள். 2020 ஜெனீவா கண்காட்சிக்குக் கொண்டுபோகத் தயாரானபோது கொரோனா வந்து கண்காட்சியையே நிறுத்தினார்கள். வாங்க ஆள் இருக்கிறதா என்பது வேறு. அதில் படித்தவர்களின் கையில் இப்போது மின்சார ஓட்டோவுக்குத் தேவையான அறிவு இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது, இந்த நாட்டின் கார் ஓட்டோதான். பத்து லட்சத்துக்கு மேல் பதிவாகி இருக்கின்றன. துறைமுக அண்ணா கேட்கும் அளவு அங்கே இருக்கிறது. எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பற்றரியும் பூட்டுவது காரை வடிவமைப்பதை விடப் பல மடங்கு சுலபம்.

ஹட்டன் வீதி ஓட்டுநர் | ஞாயிறு, பகல் 1.40

தம்பி நல்ல விஷயம் சொன்னீங்க. நான் ஹட்டனில் இருந்து வந்து கொழும்பில் பதினொரு வருஷமா ஓட்டோ ஓட்டுறேன். ஒரு நாளைக்கு 120 கிலோமீற்றர் ஓடுது. பெற்றோலுக்கே பாதி போகுது. மாற்றித் தருவதாக இருந்தால் நாளைக்கே வண்டியைக் கொண்டுவருவேன். ஆனா ஒரு நாள் கராஜில நின்னா அன்னைக்குச் சோறு இல்ல. லீசிங் கட்டணும். பற்றரி பழுதானா யார் பார்ப்பாங்க, எத்தனை மணி நேரத்தில தருவாங்க, அதை எழுதித் தரணும்.

பஞ்சிகாவத்தை நானா | ஞாயிறு, பின்னேரம் 5.20

எல்லாரும் காரின் பெயர்ப் பலகையையே பார்க்கிறீர்கள். நான் சாமான் விற்கிறவன், எனக்கு உள்ளே இருப்பதுதான் தெரியும். ஃபோர்க்லிஃப்டுக்குப் போடும் காற்றில்லாத திண்ம ரயரில் உலகத்திலேயே முன்னணியில் நிற்பது நம்முடைய நாடு. றப்பர் நம்முடையது, அச்சு நம்முடையது, கை நம்முடையது. காற்றுப் பையை விரிக்கச் சொல்லும் சென்சர் இருக்கிறதே, அதை லங்கா ஹார்னஸ் என்ற நம்முடைய கம்பனி இங்கே செய்து ஜப்பானுக்கு அனுப்புகிறது. ஜப்பான் கார் பாதுகாப்பு என்று சொல்லி வாங்குகிறோம், அந்தப் பாதுகாப்பில் ஒரு துண்டு நம்முடைய பிள்ளைகள் செய்தது.

பஸ்ஸும் அப்படித்தான். 1982 இல் தொடங்கிய லங்கா அசோக் லேலண்ட் இன்றைக்கும் பஸ் பொருத்துகிறது. துறைமுகத் தம்பி பஸ் கேட்டார் அல்லவா, அந்தப் பஸ்ஸையும் இங்கே உள்ள கைதான் பூட்ட வேண்டும். ஆகவே தொழில் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது மகன். துண்டு துண்டாக இருக்கிறது. சேர்த்துத் தைக்க ஆள் இல்லை, அந்தப் பன்னிரண்டு பிள்ளைகள் மாதிரி.

துறைமுக வீதி | ஞாயிறு, இரவு 7.00

நானா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ரயர், சென்சர், வயர்க் கட்டு, இவை ஏற்றுமதியாகி டொலர் கொண்டுவருகின்றன. சலுகை கொடுப்பதாக இருந்தால் அங்கே கொடுக்கட்டும். பெட்டியைப் பிரித்துப் பூட்டுவதற்குக் கொடுப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

கழற்றிப் பூட்டியவன் | ஞாயிறு, இரவு 7.25

பூட்டும் இடம் இல்லாவிட்டால் அந்த ஆசன உறையை யாரிடம் விற்பது அண்ணா? பழகிக்கொள்ள முதல் வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். ஜப்பான்காரன் நாலு தடவை திருப்பி அனுப்ப மாட்டான், முதல் தடவையே வேறு ஆளைப் பார்ப்பான்.

துறைமுக வீதி | ஞாயிறு, இரவு 7.40

அது யோசிக்க வேண்டிய கதை. நாளைக்கு எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரர் | அடுத்த சனி, பின்னேரம் 3.15

எல்லாருக்கும் நன்றி. நானா சொன்னபடி தாளை எழுதிக்கொண்டு இன்று காலை பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அப்பாவும் வர வேண்டும் என்று நின்றார், கூட்டிப்போனேன்.

660 சீசீ காருக்கு ஐந்து சாமானும் முதல் கடையிலேயே எடுத்து வைத்தார்கள், எல்லாம் கழற்றிய சாமான். இங்கே பொருத்திய காருக்குப் பிரேக் பேட், ஷொக் அப்சோபர் இரண்டும் இரண்டு கடையில் புதிதாகக் கிடைத்தன. பக்கக் கண்ணாடி ஒரு கடையில் இருந்தது. பம்பரும் ஹெட்லைட்டும் ஏஜென்டிடம் சொல்லி வைத்து எடுக்க வேண்டுமாம், இரண்டு கிழமை. பரீட்சையில் முழுப் புள்ளி இல்லை, ஆனால் பாஸ் என்று நினைக்கிறேன்.

கடைக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை. அப்பாவை அங்கே ஒரு கதிரையில் இருத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பட்டறைக்காரர் ஒரு புஷ் கடைந்துகொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பு நோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மனைவியோடும் பேசினோம். விற்கும்போது விலை கொஞ்சம் விழும் என்று தெரிந்துகொண்டே இங்கே பொருத்திய காரை எடுக்க முடிவு செய்துவிட்டோம். உத்தரவாதம் இருப்பதும், அப்பா ஏற வசதியாகக் கதவு அகலமாகத் திறப்பதும்தான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. கழற்றிப் பூட்டியவன் தம்பிக்கு எந்தக் கார் என்று தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கழற்றிப் பூட்டியவன் | சனி, பின்னேரம் 4.02

அண்ணா, பார்த்தேன். அது எங்கள் இடத்து வண்டிதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தகடு இருக்கும். அதில் பொருத்திய மாதம் போட்டிருக்கும். முடிந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரர் | சனி, பின்னேரம் 5.48

காட்சியறைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தோம். 2025 மார்ச்.

கழற்றிப் பூட்டியவன் | சனி, பின்னேரம் 5.55

மார்ச்சில் நான் வேலையில் இருந்தேன். பின் கதவு ரப்பர் என் கை. மழை எவ்வளவு அடித்தாலும் ஐயாவைப் பின் சீட்டில் இருத்திக் கூட்டிப்போங்கள், ஒரு சொட்டு வராது.